ஆசிரியரைச் சுற்றிச் செல்லும் வழி: இந்திய வகுப்பறைக் கருவிகளின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

இந்தியப் பள்ளிகளில் தொழில்நுட்பம் நுழைந்த வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரிசையாகவே எழுதப்படுகிறது. வானொலி, தொலைக்காட்சி, செயற்கைக்கோள், கணினி, திறன்பேசி என்று அவ்வரிசை நீளும். ஆசிரியர் அதில் 'பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை' என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறார். அந்தக் கட்டத்தை மையத்துக்கு நகர்த்திப் பார்த்தால் வரலாறு வேறொரு வடிவம் கொள்கிறது. புதிய கருவி ஒன்று வகுப்பறைக்கு வரும்போதெல்லாம் ஆட்சியாளர் முன் இரண்டு வழிகள் இருந்துள்ளன. ஆசிரியரைக் கற்பவராக்கி, கருவியின் மீதான உரிமையை அவரிடம் ஒப்படைப்பது ஒரு வழி. ஆசிரியரைச் சுற்றிச் சென்று கருவியை நேரே குழந்தையிடம் சேர்ப்பது மற்றொரு வழி. முதல் வழி மெதுவானது, செலவு மிக்கது, செய்தித்தாளில் படமாக அமையாதது. இரண்டாம் வழி விரைவானது. இந்தியா இரண்டையும் பலமுறை சோதித்துப் பார்த்த நாடு.

மணலும் சட்டாம்பிள்ளையும்

சுற்றுவழிக்கு மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று சென்னையிலேயே கிடைக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1789இல் எழும்பூரில் இருந்த ஆண்கள் அனாதை இல்லத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான இல்லம் அது. ஒருநாள் குதிரையில் செல்லும் வழியில், 'மலபார்' பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அக்கால ஆங்கிலேயர் தமிழரை 'மலபார்' என்றே குறித்தனர். அவர் கண்டது ஒரு திண்ணைப் பள்ளி. காகிதமும் மையும் செலவாகாத, பிழையை ஒரு கையசைவில் அழித்துவிடக்கூடிய அம்முறையைத் தம் இல்லத்திலும் புகுத்த முனைந்தார். இல்லத்தின் உதவி ஆசிரியர் அது இயலாத செயல் என்று மறுத்துவிட்டார். பெல் அவரோடு நீண்ட வாதம் புரியவில்லை. அந்த வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார். சிறுவன் வெற்றி பெற்றான்.

1797இல் லண்டனில் பெல் வெளியிட்ட சிறுநூல் வழியாக இது 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்று இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. கல்வி வரலாற்றில் இந்நிகழ்வு, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையின் தோற்றமாகப் போற்றப்படுகிறது. தமிழகத் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை முன்பே இருந்தார். ஆனால் அவர் ஆசிரியரின் கையாளாக, ஆசிரியரின் மேற்பார்வையில் இயங்கினார். பெல்லின் ஏற்பாட்டிலோ மறுக்கும் ஆசிரியருக்கு மாற்றாகச் சிறுவன் நிறுத்தப்பட்டான். அந்த ஆசிரியர் ஏன் மறுத்தார் என்ற கேள்வியை எவரும் எழுப்பவில்லை. அவருக்கு அம்முறையை யாரேனும் கற்பித்தார்களா என்ற கேள்வியும் எழவில்லை. கருவி வென்ற கதையில் ஆசிரியரின் அறியாமை ஒரு தடையாக மட்டுமே பதிவாயிற்று. இக்கதையின் சாயல் பின்னர் மீண்டும் மீண்டும் தென்படுகிறது.

இருப்புப் பதிவேட்டின் அச்சம்

1854இல் வந்த உட்ஸ் அறிக்கை மாகாணங்களில் பொதுக்கல்வித் துறைகளையும் அவற்றுக்கு ஆய்வாளர்களையும் உருவாக்கியது. என்ன கற்பிப்பது, எந்த வேகத்தில் கற்பிப்பது என்று தாமே தீர்மானித்து வந்த உள்ளூர் ஆசிரியர், இந்த அமைப்புக்குள் குறைந்த ஊதியம் பெறும் கடைநிலை அரசுப் பணியாளரானார். பாடத்திட்டம், பாடநூல், தேர்வு மூன்றும் அவர் கையை விட்டுப் போயின. கல்வியியலாளர் கிருஷ்ண குமார் இந்த நிலையை ஆராய்ந்து, இந்திய ஆசிரியரைப் 'பணிவான சர்வாதிகாரி' என்று பெயரிட்டார். வகுப்பறைக்குள் குழந்தைகள் மீது முழு அதிகாரம். வகுப்பறைக்கு வெளியே எந்த முடிவிலும் பங்கில்லாத பணிவு. பாடநூலை வரிக்கு வரி நடத்தும் பழக்கத்தை அவர் தனிமனிதச் சோம்பலாகக் காணவில்லை. அதிகாரம் பறிக்கப்பட்டவர் தேடிக்கொண்ட பாதுகாப்பாகவே விளக்கினார்.

வகுப்பறைக் கருவிகளின் வரலாற்றுக்கு இது ஒரு திறவுகோல். அரசுப் பள்ளிக்கு வரும் ஒவ்வொரு பொருளும் முதலில் இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. உடைந்தால், தொலைந்தால், களவு போனால் விளக்கம் தர வேண்டியவர் தலைமையாசிரியர். பயன்படுத்தாமல் வைத்திருந்தால் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை. இந்தக் கணக்கில் நுண்ணோக்கியோ வானொலிப் பெட்டியோ கணினியோ அலமாரிக்குள் பூட்டப்படுவது முற்றிலும் அறிவுப்பூர்வமான முடிவு. 'ஆசிரியர்கள் தொழில்நுட்பத்துக்கு அஞ்சுகிறார்கள்' என்று காலந்தோறும் எழுதப்படும் வாக்கியம், அவர்கள் உண்மையில் எதற்கு அஞ்சினார்கள் என்பதைத் தவறாகப் படித்ததன் விளைவு.

வானிலிருந்து வந்த வகுப்பு

விடுதலைக்குப் பின் இந்தியா மேற்கொண்ட மிகப் பெரிய கல்வித் தொழில்நுட்ப முயற்சிகளுள் முதன்மையானது செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை. 'சைட்' என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அத்திட்டம் 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஓராண்டு நடந்தது. விக்ரம் சாராபாயின் கனவாக உருவாகி, 1969இல் அமெரிக்காவின் நாசாவுடன் ஒப்பந்தமாகி, அவர் மறைவுக்குப் பின் நிறைவேறியது. நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒடிசா, ராஜஸ்தான் ஆகிய 6 மாநிலங்களின் சுமார் 2,400 சிற்றூர்களுக்கு ஒளிபரப்பு சென்றது. கோழிக்கூண்டுக் கம்பிவலையால் செய்த, சுமார் 3 மீட்டர் விட்டமுள்ள அலைவாங்கிகள் அவ்வூர்களில் நிறுவப்பட்டன. காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கும் மாலையில் ஊர்மக்களுக்கும் நிகழ்ச்சிகள்.

அத்திட்டத்தைப் பற்றிய நினைவுகளில் கம்பிவலை அலைவாங்கியும் அதன் முன் கூடிய ஊராரும் நிலைத்துவிட்டனர். அதே திட்டத்தின் மற்றொரு பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த ஓராண்டுக்குள் இரண்டு சுற்றுகளாக, ஒவ்வொன்றும் 12 நாள் என்ற அளவில், சுமார் 48,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பித்தலில் பயிற்சி தரப்பட்டது. பள்ளி விடுமுறை நாட்களில், குழந்தைகள் அமரும் அதே தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் ஆசிரியர்கள் அமர்ந்தனர்.

அப்பயிற்சியின் அமைப்பு கவனத்துக்குரியது. அதை வகுத்த என்.சி.இ.ஆர்.டி.யின் கல்வித் தொழில்நுட்ப மையம் தொலைக்காட்சியை மட்டும் நம்பவில்லை. ஒளிபரப்போடு வானொலி நிகழ்ச்சியும், அச்சிட்ட வழிகாட்டியும், கையால் செய்து பார்க்கும் சோதனைகளும், வழிநடத்தும் ஆசிரியர் ஒருவரின் முன்னிலையில் குழு உரையாடலும் இணைக்கப்பட்டன. திரையில் கண்டதைக் கையால் செய்து, சக ஆசிரியரோடு விவாதித்த பின்னரே ஒரு பாடம் முடிந்தது. அகமதாபாதில் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநராக இருந்த யஷ் பால் போன்ற அறிவியலாளர்கள் இத்திட்டத்தைத் தொழில்நுட்ப வெற்றியாக மட்டும் எண்ணவில்லை. நாட்டின் மிக நவீனக் கருவியும் மிக எளிய பள்ளியின் ஆசிரியரும் நேரே சந்திக்க முடியும் என்பதை அது காட்டியது.

ஆனால் செயற்கைக்கோள் இரவல் பொருள். ஓராண்டு முடிந்ததும் ஒளிபரப்பு நின்றது. இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோளான இன்சாட்-1பி 1983இல்தான் விண்ணேறியது. இடைப்பட்ட காலத்தில், 48,000 ஆசிரியர்கள் பெற்ற பயிற்சியைத் தொடர்ந்து வளர்க்கும் நிலையான அமைப்பு ஏதும் எழவில்லை. கருவி திரும்பப் பெறப்பட்டபோது, கற்றலும் அதனோடு திரும்பப் பெறப்பட்டது போலாயிற்று. பயிற்சியைக் கருவியின் ஆயுளோடு கட்டிப்போட்டால் என்ன நேரும் என்பதற்கு இதுவே முதற்பாடம்.

ஹோஷங்காபாதின் கருவிப்பெட்டி

அதே ஆண்டுகளில், அதே மத்தியப் பிரதேசத்தில், மின்சாரமே தேவைப்படாத வேறொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. 1972இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் ஊரக மையம் என்ற இரு தன்னார்வ அமைப்புகள் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கின. 1978இல் அது மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு அதைத் தொடர்ந்து நடத்தியது. ஒவ்வொரு பள்ளிக்கும் சோதனைக் கருவிப்பெட்டி தரப்பட்டது. கண்ணாடிக் குழாயும் உருப்பெருக்கியும் அதில் இருந்தன. கருவேல முள்ளும் ஆய்வுக் கருவியாயிற்று. 1978இல் அங்கு வந்த அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்டியூபையும் இணைத்து வடிவியல் உருவங்கள் செய்யும் முறையை உருவாக்கியது இச்சூழலில்தான்.

இங்கு ஆசிரியர் பயிற்சி 12 நாளோடு முடியவில்லை. கோடை விடுமுறையில் பல வாரங்கள் நீளும் முகாம். அது அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது. பின்னர் மாதந்தோறும் அருகிலுள்ள பள்ளி ஆசிரியர்கள் கூடி, எந்தச் சோதனை சரிவரவில்லை, குழந்தைகள் எழுப்பிய எந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை என்று பேசும் கூட்டம். டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் வந்த அறிவியலாளர்கள் அம்முகாம்களில் ஆசிரியர்களோடு தரையில் அமர்ந்து சோதனை செய்தனர். 'தெரியாது' என்று சொல்லும் உரிமை ஆசிரியருக்குக் கிடைத்தது. புத்தகத்தைப் பார்த்து எழுதும் தேர்வு வந்ததால், மனப்பாடத்தைக் காவல்காக்கும் பணியிலிருந்தும் அவர் விடுபட்டார். இவற்றோடு கருவிகள் உடையலாம் என்பதும் ஏற்கப்பட்டது. உடையாத கருவிப்பெட்டி பயன்படாத கருவிப்பெட்டி என்ற புரிதல், இருப்புப் பதிவேட்டின் தர்க்கத்தைத் தலைகீழாக்கியது.

2002இல் மாநில அரசு இத்திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. முப்பதாண்டு வாழ்ந்த ஒரு முயற்சி நிர்வாக ஆணை ஒன்றால் நின்றுபோனது, ஆசிரியர் அடைந்த தன்னுரிமை எவ்வளவு மெல்லிய இழையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதைக் காட்டுகிறது.

பெட்டி வந்தது, பிறகு சுவரில் துளை வந்தது

1984இல் 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் அனுப்பப்பட்டன. பிரிட்டனில் அந்நாட்டு மக்களின் கணினி எழுத்தறிவுக்காக வடிவமைக்கப்பட்ட கணினி அது. பள்ளிக்குச் சில ஆசிரியர்கள் என்ற அளவில் குறுகிய காலப் பயிற்சி தரப்பட்டது. கணினி ஒரு தனியறைக்குள், தனி நேரத்தில், பாடங்களோடு தொடர்பின்றி நின்றது. வரலாறு கற்பிப்பவருக்கோ கணிதம் கற்பிப்பவருக்கோ அது பிறருடைய பொருள். 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் தொடக்கப்பள்ளிகளுக்கு இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கற்பித்தல் கருவிகள் என்று வரையறுத்தது. கரும்பலகையே எட்டாத பள்ளிகள் பல இருந்த நாட்டில் அதன் தேவையை மறுக்க முடியாது. எனினும் நாடு முழுவதற்கும் மேலிருந்து வகுத்த பட்டியலே கருவிகளைத் தீர்மானித்தது. தம் வகுப்புக்கு என்ன வேண்டும் என்று ஆசிரியர் கேட்கும் இடம் அதில் இல்லை.

இவ்வாறு வழங்கப்பட்ட கருவிகள் ஆசிரியரிடம் உயிர்பெறவில்லை என்ற சலிப்பிலிருந்து ஒரு புதிய வாதம் பிறந்தது. 1999 ஜனவரி 26 அன்று டெல்லி கால்காஜியில் சுகதா மித்ராவும் அவருடைய குழுவினரும் ஒரு சுவரில் துளையிட்டு அதில் கணினியைப் பொருத்தினர். அருகிலிருந்த குடிசைப்பகுதிக் குழந்தைகள் யாரும் கற்பிக்காமலே அதை இயக்கப் பழகினர். 'சுவரில் துளை' உலகப் புகழ் பெற்றது. குழந்தைகளின் ஆர்வம் பற்றி அது காட்டிய உண்மை மறுக்கத்தக்கதன்று. ஆனால் அதிலிருந்து கொள்கையாளர் பலர் எடுத்துக்கொண்ட செய்தி வேறு: ஆசிரியர் இல்லாமலும் நடக்கும். எழும்பூரில் எட்டு வயது ஃபிரிஸ்கன் நின்ற இடத்தில், இருநூறாண்டு கழித்துக் கால்காஜிக் குழந்தைகள் நிறுத்தப்பட்டனர். இரண்டு கதைகளிலும் குழந்தையின் திறமை உண்மையானது. இரண்டிலும் அத்திறமை, ஆசிரியரில் முதலீடு செய்வதைத் தவிர்க்கும் காரணமாகவும் பயன்பட்டது.

கேரளம் எடுத்த மற்ற வழி

அதே காலத்தில் கேரளம் எதிர்த்திசையில் நடந்தது. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் யு. ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2001இல் 'ஐடி@ஸ்கூல்' திட்டம் தொடங்கப்பட்டது. கணினி கற்பிக்க வெளியிலிருந்து ஆட்களை ஒப்பந்தத்தில் அமர்த்துவது பிற மாநிலங்களில் பரவலாக இருந்த வழக்கம். கேரளத்தில் மலையாளமும் இயற்பியலும் சமூக அறிவியலும் கற்பித்துக்கொண்டிருந்த ஆசிரியர்களே கணினியையும் கற்றனர். அவர்களுள் பெரும்பான்மையோர் பெண்கள். அவர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் ஒருங்கிணைப்பாளரானார். பயிற்சி தருபவரும் நேற்றுவரை தட்டச்சுப் பலகையில் எழுத்தைத் தேடியவர் என்பதால், 'தெரியாது' என்று சொல்வதில் வெட்கம் குறைந்தது.

மென்பொருள் தேர்விலும் ஆசிரியர் குரல் ஒலித்தது. தொடக்கத்தில் வணிக மென்பொருளையே பாடத்திட்டம் சார்ந்திருந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினரும் ஆசிரியர் அமைப்புகளும் அதை எதிர்த்தனர். 2000களின் பிற்பகுதியில் திட்டம் முழுமையாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிற்று. உரிமக் கட்டணம் மிச்சமானது அதன் ஒரு பயன். மற்றொன்று, ஆசிரியர்கள் மென்பொருளைப் படியெடுக்கவும், மலையாளத்தில் தகவமைக்கவும், தம் பாடத்துக்கேற்ப மாற்றவும் உரிமை பெற்றது. பழுதான கணினிகளை ஆசிரியர்களும் மாணவர்களுமே திறந்து சீர்செய்யும் முகாம்களும் நடந்தன. ஒரு பொருளைத் திறந்து பார்க்க அனுமதி பெற்றவருக்கு அப்பொருளின் மீது அச்சம் நீடிப்பதில்லை.

கல்விக்கெனவே உருவான எஜுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டபோது, அதைப் பயன்படுத்தும் ஆசிரியர் வலையமைப்பு கேரளத்தில் உருவாகியிருந்தது. 2005 ஜூலையில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்த விக்டர்ஸ் அலைவரிசை அச்செயற்கைக்கோளை ஒட்டிப் பிறந்தது. எஜுசாட் 2010இல் ஓய்வு பெற்றது. விக்டர்ஸ் வாழ்கிறது. 'சைட்' முடிந்தபோது நேர்ந்தது இங்கு நேராமல் போனதற்குக் காரணம், திறமை ஆசிரியர்களிடம் தங்கியிருந்ததே.

இதைக் குறையற்ற கதையாகக் கொள்ள வேண்டியதில்லை. 2018 முதல் சுமார் 45,000 வகுப்பறைகள் மடிக்கணினியும் ஒளிவீழ்த்தியும் பெற்றன. அதனாலேயே கற்பித்தல் மாறிவிடும் என்பதற்கு உறுதியில்லை. திரையில் விரியும் பாடமும் பாடநூலைப் போலவே வரிக்கு வரி நடத்தப்படலாம். பணிவான சர்வாதிகாரியின் கையில் ஒளிவீழ்த்தி இன்னொரு பிரம்பாகவும் ஆகக்கூடும். கருவியோடு முடிவெடுக்கும் உரிமையும் வந்ததா என்பதே எங்கும் கேட்கவேண்டிய கேள்வி.

2020இன் தேர்வு

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இக்கேள்வி நாடு முழுவதற்கும் ஒரே நாளில் எழுந்தது. அரசின் 2019-20 பள்ளிப் புள்ளிவிவரப்படி, இந்தியப் பள்ளிகளில் இணைய வசதி பெற்றவை சுமார் 22 விழுக்காடு மட்டுமே. 'திக்ஷா' தளம் 2017 முதல் இயங்கிவந்தது. ஆசிரியர்களுக்கான 'நிஷ்டா' பயிற்சி 2019இல் தொடங்கியிருந்தது. ஆயினும் பெரும்பாலான ஆசிரியர்கள் காணொளி வகுப்பை முதன்முதலில் கற்றது எந்தப் பயிற்சியிலும் அன்று. தம் பிள்ளைகளிடமும் மாணவர்களிடமும் சக ஆசிரியர்களிடமும் கேட்டு, சொந்தக் கைப்பேசியில், சொந்தச் செலவில் கற்றனர். இந்திய ஆசிரியர் வரலாற்றில் இவ்வளவு விரைவான, இவ்வளவு பரவலான கற்றல் முன்பு நிகழ்ந்ததில்லை எனலாம். அதற்குச் சான்றிதழும் இல்லை; நிதி ஒதுக்கீடும் இல்லை.

கேரளத்தில் ஜூன் 1 அன்றே 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் விக்டர்ஸ் வழியாக வகுப்புகள் தொடங்கின. ஆசிரியர்கள் திரையில் தோன்றினர். தொலைக்காட்சியோ கைப்பேசியோ இல்லாத மாணவர்கள் அங்கும் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருந்தனர் என்பது, ஆசிரியரின் திறமை மட்டும் போதாது என்பதையும் உணர்த்தியது.

அதே ஆண்டு டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டம் பரிதேவாடி தொடக்கப்பள்ளியின் ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலே உலகளாவிய ஆசிரியர் பரிசு பெற்றார். அவருடைய பணி தொழில்நுட்பத்தில் தொடங்கவில்லை, மொழியில் தொடங்கியது. பாடநூல் இருந்த மொழி குழந்தைகளுக்குப் புரியவில்லை என்பதைக் கண்டார். அவர்கள் வீட்டில் பேசிய கன்னடத்தைத் தாம் கற்றார். பாடங்களை அம்மொழிக்கு மாற்றினார். அதன் பின்னரே பாடநூலில் கியூஆர் குறியீடுகளை ஒட்டி, ஒலிப்பாடல்களையும் காணொளிகளையும் கதைகளையும் இணைத்தார். பின்னர் அம்முறை மாநிலப் பாடநூல்கள் அனைத்துக்கும் விரிந்தது. குறியீட்டைக் கொள்கையாளர் கண்டுகொண்டனர். பாடநூலைத் திருத்த ஓர் ஆசிரியர் தாமே எடுத்துக்கொண்ட உரிமையை அவ்வளவு எளிதில் அச்சிட்டு வழங்க முடியாது.

இன்று வகுப்பறை வாசலில் செயற்கை நுண்ணறிவு நிற்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனி ஆசான் என்ற வாக்குறுதியோடு அது வருகிறது. எழும்பூர் முதல் கால்காஜி வரை கேட்ட குரல்தான் இது. ஆசிரியரைச் சுற்றிச் செல்லும் வழி மீண்டும் குறுக்குவழியாகக் காட்டப்படுகிறது. இதுவரையான வரலாறு சொல்வது எளிது. சுற்றிச் சென்ற கருவிகள் புகழ் பெற்றன; ஆசிரியர் கைக்கு வந்த கருவிகளே பள்ளியில் தங்கின. 48,000 பேரை 12 நாளில் பயிற்றுவித்த நாட்டுக்கு எண்ணிக்கை ஒரு தடையாக இருந்ததில்லை. பதின்மூன்றாம் நாள் அந்த ஆசிரியருக்கு என்ன உரிமை இருக்கும், கருவி உடைந்தால் யார் பொறுப்பு, 'இது என் வகுப்புக்கு ஒவ்வாது' என்று சொல்ல அவருக்கு இடமுண்டா என்பவையே விடை காணப்படாமல் இருக்கின்றன. எழும்பூரில் மறுத்த அந்த ஆசிரியரிடம் காரணம் கேட்கப்படவில்லை. அக்காரணத்தைக் கேட்பதிலிருந்து தொடங்கும் பயிற்சித் திட்டமே இந்தியாவுக்கு இன்னும் தேவைப்படுகிறது.